ஐந்நூறு மொழிகளும் எங்கள் களக்குறிப்புகளும்

மட்டக்களப்பில் நான் பணிபுரியும் சிறிய தொண்டு நிறுவனத்துக்குக் களத்திலிருந்து வரும் குறிப்புகள் பெரும்பாலும் தமிழில் இருக்கும். அம்பாறை மாவட்டத்தின் உஹன, தெஹியத்தகண்டிப் பக்கங்களிலிருந்து வருபவை சிங்களத்தில் இருக்கும். நிதி தருவோர் கேட்கும் அறிக்கையோ ஆங்கிலத்தில் போக வேண்டும். யானை மிதித்த வயல், உடைந்த வாய்க்கால் கட்டு, உறுதி தொலைந்த காணி, கணவரை இழந்த பெண் நடத்தும் தையற்கடை என்று எதைப் பற்றிய குறிப்பானாலும் அதில் ஆட்களின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் காணி விபரமும் இருந்தே தீரும். இவற்றை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மொழிபெயர்ப்புச் சேவையொன்றில் ஒட்டி எடுப்பது வசதியானதுதான். ஆனால் ஒட்டிய எழுத்து எங்கே போகிறது, அங்கே எவ்வளவு காலம் கிடக்கிறது என்று ஒரு பயனாளி கேட்டால் எங்களிடம் பதில் இல்லை. 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிய பின்னர், அந்தக் கேள்வியை யாரும் கேட்கும்வரை காத்திருப்பது சரியல்ல என்று அலுவலகத்தில் முடிவாயிற்று. இணைய இணைப்பே இல்லாமல் எங்கள் கணினியில் இயங்கக்கூடிய திறந்த மூல மொழிபெயர்ப்பு நிரலகங்களை நான் தேடத் தொடங்கியது அதனால்தான். அவற்றுள் என்னை அதிகம் யோசிக்க வைத்த ஒன்றை மையமாக வைத்து இந்தப் பதிவை எழுதுகிறேன்.

தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவகத்தைச் சேர்ந்த தம்மே கௌடாவும் அவருடைய குழுவினரும் 2021 இல் கணினிமொழியியல் சங்கத்தின் மாநாட்டில் மூன்று கருவிகளை ஒன்றாக அறிமுகப்படுத்தினார்கள். தரவைத் திரட்டும் எம்டிடேட்டா, சொற்களைத் துண்டாக்கும் என்எல்கோடெக், மொழிபெயர்க்கப் பயிற்றும் ஆர்டிஜி என்பன அவை. அவற்றின் பயனைக் காட்டுவதற்காக 500 மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கும் ஒரு மாதிரியை, அதாவது எடுத்துக்காட்டுகளைப் படித்து மொழிபெயர்க்கக் கற்கும் நிரலொன்றைப் பயிற்றி, அதை எவரும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிட்டார்கள். அக்காலத்தில் வணிகச் சேவைகள் ஏறத்தாழ நூறு மொழிகளோடு நின்றுவிட்டிருந்தன. உலகில் வழங்கும் மொழிகளோ 7,000க்கு மேல். தங்கள் மாதிரியை அப்படியே பயன்படுத்தலாம் என்பதோடு, அதைத் தாய் மாதிரியாக எடுத்துக்கொண்டு இன்னும் தரவு குறைந்த மொழியொன்றுக்குக் கொஞ்ச எழுத்தை வைத்தே மேலும் பயிற்றலாம் என்றும் அவர்கள் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. மென்பொருளை வேண்டிய எல்லாவற்றோடும் ஒரே பொதியாக ஓட்டும் டொக்கர் தெரிந்தவர் ஒரே கட்டளையில் அதை எழுப்பி, உலாவியில் திறந்து, இடப்பக்கப் பெட்டியில் எழுதி, வலப்பக்கத்தில் ஆங்கிலத்தைப் பெறலாம். ஆர்டிஜி, பைட்டோர்ச் என்ற இயந்திரக்கற்றல் நிரலகத்தின் மேல் எழுதப்பட்டது. அதன் உள்ளே இருப்பது 2017 முதல் எல்லோரும் பயன்படுத்தும் டிரான்ஸ்போமர் என்ற நரம்பு வலையமைப்புத்தான். அதைப் பற்றி எழுதாத வலைப்பதிவு இல்லை என்பதால் நான் அதைத் தாண்டிச் செல்கிறேன்.

மூன்றில் என் மனதுக்கு நெருக்கமானது எம்டிடேட்டா. மொழிபெயர்ப்பைப் பயிற்றுவதற்கு வேண்டிய இணைத்தரவு, அதாவது ஒரு மொழியின் வாக்கியமும் அதற்கு நேரான ஆங்கில வாக்கியமும், இணையத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில், வெவ்வேறு கோப்பு வடிவங்களில், வெவ்வேறு மொழிக் குறியீடுகளுடன் சிதறிக் கிடக்கிறது. எம்டிடேட்டா அவை அனைத்தையும் ஐஎஸ்ஓ 639-3 என்ற சர்வதேசத் தரத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டுக்குள் கொண்டுவந்து, கட்டளை வரியில் மொழியின் பெயரைச் சொன்னதும் என்னென்ன தொகுதிகள் உள்ளன என்று பட்டியலிட்டு, வேண்டியதை இறக்கித் தருகிறது. எதை எந்தக் கட்டளையால் இறக்கினோம் என்பதையும் ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. மொழிபெயர்ப்பு மாதிரியைப் பற்றி அறிய விரும்பும் எவருக்கும் நான் சொல்வது, முதலில் மாதிரியை ஓட்டிப் பார்க்காமல் இந்தப் பட்டியலைத் தமிழுக்கு எடுத்துப் பாருங்கள் என்பதுதான். அந்த மாதிரி எதைத் தின்று வளர்ந்தது என்பது அதில் தெரியும்.

தமிழுக்கு என்ன கிடக்கிறது? பின்லாந்திலிருந்து பராமரிக்கப்படும் ஓபஸ் என்ற இணைத்தரவுக் களஞ்சியத்தைத் திறந்து பார்க்கலாம். குர்ஆன் மொழிபெயர்ப்புகளைக் கொண்ட தன்சில் தொகுதி இருக்கிறது. திரைப்பட உபதலைப்புகள் இருக்கின்றன. ஜிநோம், கேடிஇ, உபுண்டு ஆகிய மென்பொருள்களைத் தன்னார்வலர்கள் தமிழாக்கிய பட்டியற் சொற்கள் இருக்கின்றன. அவற்றோடு, இந்தியப் பிரதமர் அலுவலக இணையத்தளத்தின் செய்திகளிலிருந்து 2020 இல் தொகுக்கப்பட்ட பிஎம்இந்தியா என்ற தொகுதி இருக்கிறது. இணையப் பக்கங்களை இயந்திரத்தால் தேடி, இது அதற்கு நேரான வாக்கியம் என்று இயந்திரமே தீர்மானித்துச் சேர்த்த பெருந்தொகுதிகளும் உண்டு. அளவில் பெரியவை அவைதான், நம்பிக்கையில் சிறியவையும் அவைதான். 2022 இல் ஒரு பெரிய ஆய்வுக்குழு இத்தகைய ஐந்து தொகுதிகளிலிருந்து 205 மொழிப் பகுதிகளை மனிதக் கண்ணால் சரிபார்த்தபோது, குறைந்தது 15 பகுதிகளில் பயன்படும் எழுத்து ஒன்றுகூட இருக்கவில்லை. தமிழின் நிலை அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் குர்ஆனும் திரைப்படமும் கணினிப் பட்டியலும் புதுடில்லிச் செய்திக்குறிப்பும் கலந்த ஒரு தமிழைப் படித்து வளர்ந்த மாதிரியிடம், வாகரையிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ ஒரு கள உத்தியோகத்தர் எழுதிய குறிப்பைக் கொடுத்தால் அது தடுமாறும் என்பதை எதிர்பார்க்கத்தான் வேண்டும். எங்கள் குறிப்புகளில் வயல்வெளியைச் சொல்லும் வட்டை உண்டு, அதன் நீரைக் கவனிக்கும் வட்டை விதானை உண்டு, பெருங்காணிக்காரரான போடியார் உண்டு, பருவ விதைப்பான முன்மாரி உண்டு. பிரதேச செயலாளரும் அரசாங்க அதிபரும் கிராம உத்தியோகத்தரும் உண்டு. இந்திய நிர்வாகத் தமிழில் இவர்களில் எவரும் இல்லை.

மாதிரி ஆங்கிலத்தை நோக்கி மட்டுமே போகிறது என்பதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு; அந்தக் குறையில் பாதி நியாயம் இருக்கிறது. இயந்திரத்தின் பக்கமிருந்து பார்த்தால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு வசதி உண்டு. 500 மொழிகளின் தரவிலும் வெளியே வர வேண்டியது ஆங்கிலமே என்பதால், ஆங்கிலம் எழுதும் பகுதி எல்லா மொழிகளிடமிருந்தும் பயிற்சி பெறுகிறது; எந்த மொழிக்குப் பெயர்க்க வேண்டும் என்று உள்ளீட்டில் குறிச்சொல் வைக்கும் தேவையும் இல்லை. தமிழும் சிங்களமும் ஒரே பத்தியில் கலந்து வரும் எங்கள் குறிப்புகளுக்கு இது எதிர்பாராத அனுகூலம். மறுபக்கம், இந்த மாவட்டங்களில் ஒரு சாதாரண மனிதருக்கு அதிகம் வேண்டியது சிங்களத்தில் வரும் சுற்றறிக்கையைத் தமிழில் அறிவது; ஆங்கிலத்தை அரசியலமைப்பு இணைப்பு மொழி என்று சொன்னாலும், அவருக்கு அது இணைக்காத மொழி. அந்தத் தேவைக்காக மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் அரச ஆவணங்களை மையமாக வைத்துச் சிங்கள-தமிழ் மொழிபெயர்ப்பு முறைமையொன்றை உருவாக்கியிருக்கிறார்கள். அது வேறு பாதை. நான் சொல்வது நிதி தருவோருக்கான அறிக்கையின் பாதை.

இனி நிரலகத்துக்கு வெளியே நடந்த வேலைக்கு வருகிறேன், நேரம் முழுக்கப் போனது அங்கேதான் என்பதால்.

எங்களிடம் இருக்கும் பழைய கோப்புகளில் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பட்டவை. யுனிக்கோட் வந்து இத்தனை காலமான பிறகும் எங்கள் பகுதியில் அச்சகத்துக்குப் போனாலும் தட்டெழுதுநரிடம் போனாலும் பாமினிதான் நிற்கிறது. பழகிய விரலை மாற்றுவது இலகுவல்ல. பாமினியில் 'அம்மா' என்று திரையில் தெரிவது கணினியின் நினைவில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கில விசைகள்தான். எழுத்துரு போர்த்தியிருக்கும்வரை அது தமிழ். கோப்பிலிருந்து எடுத்து மாதிரியிடம் கொடுத்தால் அது அரைப்புள்ளிகள் இறைந்த ஆங்கிலக் குப்பை. 500 மொழிகளைப் பயின்ற மாதிரி அந்தக் குப்பையைப் பார்த்து 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்லாது. ஏதோ ஒரு மொழி என்று எடுத்துக்கொண்டு, நேர்த்தியான ஆங்கிலத்தில் ஏதோ ஒரு வாக்கியத்தை எழுதித் தரும். சில வேளைகளில் ஒரே சொற்றொடரை வரிசையாகத் திரும்பத் திரும்ப எழுதும். திரும்ப எழுதுவதைக் கண்டுபிடிப்பது இலகு. நேர்த்தியாக எழுதுவதுதான் ஆபத்து.

பாமினியை யுனிக்கோடாக மாற்றும் நிரல்கள் ஏராளமாக இருக்கின்றன; சிக்கல் அங்கே இல்லை. ஒரே கோப்பில் தமிழ் பாமினியிலும், நிறுவனத்தின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் உண்மையான ஆங்கிலத்திலும் இருக்கும். முழுக் கோப்பையும் மாற்றினால் ஆங்கிலம் தமிழாகி உருக்குலையும். வேர்ட் கோப்பின் உள்ளே ஒவ்வொரு துண்டு எழுத்துக்கும் எந்த எழுத்துரு என்பது பதிவாகியிருக்கும். அந்தப் பதிவை வாசித்து, பாமினி என்று குறித்த துண்டுகளை மட்டும் மாற்றும்படி பைதனில் ஒரு சிறு நிரல் எழுதினோம். சிங்களக் கோப்புகளில் எஃப்எம் அபய எழுத்துருவுக்கும் இதே வழிதான். பிடிஎஃப் ஆக வந்தவற்றில் எழுத்துருத் தகவல் சிதைந்திருந்தால், அவற்றை ஒருவர் இருந்து தட்டெழுதுவது தவிர வேறு வழியை நான் காணவில்லை.

யுனிக்கோடாகிய பிறகும் ஒரு பொடி வேலை மீதமிருக்கிறது. 'கொ' என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் வைக்கலாம்; கண்ணுக்கு இரண்டும் ஒன்று, இயந்திரத்துக்கு இரண்டு வெவ்வேறு சொற்கள். யுனிக்கோட் நியமப்படுத்தலை ஒரு தடவை ஓட்டினால் இது சரியாகிவிடும். ஓட்டாவிட்டால், என்எல்கோடெக் போன்ற கருவி சொற்களைத் துண்டாக்கும்போது பிழையான இடத்தில் வெட்டுகிறது. இந்தத் துண்டாக்கல் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாதிரி சொல்லை முழுதாக வாசிப்பதில்லை. அடிக்கடி சேர்ந்து வரும் எழுத்துக்கூட்டங்களை அகராதியாக வைத்துக்கொண்டு, அவற்றால் ஆன வரிசையாகவே வாசிக்கிறது. 'களுவாஞ்சிக்குடியிலிருந்து' என்பதை 'களு', 'வாஞ்', 'சிக்', 'குடி', 'யிலிருந்து' என்பதுபோல வெட்டிக்கொள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'யிலிருந்து' ஆயிரக்கணக்கான சொற்களின் வாலில் வருவதால் ஒரே துண்டாக நிற்கிறது. ஊர்ப்பெயரோ அரிது என்பதால் நொறுங்குகிறது. 500 மொழிகளும் ஒரே அகராதியைப் பகிரும்போது தமிழுக்குக் கிடைக்கும் இடம் சிறிது. இடம் சிறிதானால் நொறுங்கல் அதிகம். மொழிகளின் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்லும் எந்த மாதிரியையும் நான் கொஞ்சம் ஐயத்தோடு பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

ஊர்ப்பெயர் நொறுங்கினால் ஆங்கிலத்தில் அது எந்த உருவத்தில் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. ஒரே பத்தியில் ஒரே ஊர் இரண்டு எழுத்துக்கூட்டலில் வருவதுண்டு. ஆகவே கிராம உத்தியோகத்தர் பிரிவுகளின் பெயர்களையும் பதவிப் பெயர்களையும் அரச வழக்கிலுள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலோடு ஒரு பட்டியலாக்கி, மொழிபெயர்ப்புக்கு முன்னர் அவற்றின் இடத்தில் இலக்கக் குறிகளை வைத்து, பின்னர் மீட்டு நிரப்புகிறோம். சில வேளைகளில் மாதிரி அந்தக் குறியையே விழுங்கிவிடுகிறது. அப்போது நிரல் அந்த வாக்கியத்தைச் சிவப்பாக்கி ஒதுக்கி வைக்கும்.

இலக்கங்களுக்கும் இதே காவல் உண்டு. மூலத்தில் '2 ஏக்கர் 3 றூட் 20 பேர்ச்' என்று இருந்தால் ஆங்கிலத்திலும் 2, 3, 20 ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த வாக்கியம் மனிதரிடம் போக வேண்டும். மொழி தெரியாத நிரலும் செய்யக்கூடிய இந்தச் சோதனை, எங்களிடம் உள்ளவற்றுள் மிக எளியதும் மிக உதவியதுமாகும். காணி அளவில் றூட் விழுந்துபோன அறிக்கை நிதி தருவோருக்குப் பெரிதாகத் தெரியாமற் போகலாம். காணிச் சொந்தக்காரருக்கு அப்படியல்ல.

எந்த நிரலாலும் இலகுவில் பிடிபடாத பிழையை எங்களுடைய கள உத்தியோகத்தர் அக்கா ஒருவர்தான் பிடித்தார். திருக்கோவில் பக்கத்திலிருந்து அவர் எழுதிய குறிப்பு இப்படி இருந்தது: 'கணவர் இறந்த பின்னர் இவர் தனியாக வேளாண்மை செய்து வருகிறார். சென்ற போகத்தில் இரண்டு ஏக்கர் யானையால் சேதமாகியது. நட்டஈட்டுக்கு விண்ணப்பித்துள்ளார்.' வந்த ஆங்கிலத்தின் முதல் வாக்கியம் பெண்ணைப் பற்றியது. மூன்றாவது வாக்கியத்தில் விண்ணப்பித்தவர் ஆண். அக்கா திரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, கணவர் செத்துப்போனாரெண்டு நான் எழுதித்தானே இருக்கன், பிறகு எப்படி இவன் அந்தப் பொம்பிளைய ஆம்பிளையாக்கினவன்?" என்று கேட்டார். நடந்தது இதுதான். 'விண்ணப்பித்துள்ளார்' என்ற வினைமுற்றில் மரியாதை இருக்கிறது, பால் இல்லை, எழுவாயும் இல்லை. ஆங்கிலத்தில் எழுவாய் இல்லாமல் எழுத முடியாது, பால் சுட்டாமல் எழுதுவதும் இயல்பாக இல்லை. மாதிரியோ ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியாக எடுத்துப் பெயர்க்கிறது. மூன்றாவதைப் பெயர்க்கும்போது முதலாவது அதற்கு நினைவில் இல்லை. தான் படித்த தரவில் இப்படியான இடங்களில் அதிகம் வந்தது ஆண் சுட்டு என்பதால் அதைப் போடுகிறது. பெண் தலைமைத்துவக் குடும்பங்களைப் பற்றிய அறிக்கை ஒன்றில் இது சிறிய பிழையல்ல. எங்கள் படிவத்தில் பால் என்ற கட்டம் இருப்பதால், கட்டத்தில் பெண் என்றிருந்து ஆங்கிலத்தில் ஆண் சுட்டு வந்தால் எச்சரிக்கும்படி இன்னொரு சிறு நிரல் சேர்த்தோம். மூன்று வாக்கியங்களையும் சேர்த்து ஒன்றாகக் கொடுத்தும் பார்த்தோம். சில இடங்களில் பால் சரியாக வந்தது, ஆனால் நடு வாக்கியம் காணாமற்போனது. வாக்கியம் வாக்கியமாகப் பயின்ற மாதிரிக்கு நீண்ட உள்ளீடு ஒவ்வாது.

வேறு மாதிரிகள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன, தமிழுக்கு இதைவிடச் சிறந்தவையும் இருக்கின்றன. மெட்டா நிறுவனம் 2022 இல் வெளியிட்ட என்எல்எல்பி-200 மாதிரி 200 மொழிகளை எந்தத் திசையிலும் பெயர்க்கும். அதன் சிறிய வடிவம் 60 கோடி அளபுருக்களை, அதாவது மாதிரி கற்றதைச் சேமித்து வைக்கும் எண்களைக் கொண்டது. ஓர் அளபுருவுக்கு நான்கு பைட் என்று வைத்தால் ஏறத்தாழ 2.4 ஜிகாபைட், சிடிரான்ஸ்லேட்2 என்ற நிரலகத்தால் அதை எட்டுப் பிற்றுக்குச் சுருக்கினால் நாலில் ஒரு பங்காகி, ஜிபியூ என்ற வரைகலைச் செயலி இல்லாத சாதாரண அலுவலக மடிக்கணினியிலும் ஓடுகிறது. இரவுநேர டேட்டாவில் இறக்கி வைத்துவிட்டால் பிறகு இணையம் வேண்டாம். ஆனால் அதன் எடைகள், அதாவது அந்த அளபுருக்கள், வணிகமற்ற பயன்பாட்டுக்கான உரிமத்தில் வருகின்றன. எங்களுக்கு அது தடையில்லை, கட்டணம் வாங்கும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அந்த உரிமத்தை வாசித்துவிட்டே தொட வேண்டும். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2023 இல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2, எம்ஐடி உரிமத்தில் வருகிறது. தமிழுக்கு மிக நன்று. அது இந்திய அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளுக்கானது என்பதால் சிங்களம் அதில் இல்லை. கூகுள் 2023 இல் வெளியிட்ட மட்லாட்-400 அப்பாச்சி உரிமத்தில் கிடைக்கிறது. அதன் சிறிய வடிவமே 300 கோடி அளபுருக்கள் என்பதால் எங்கள் கணினி மூச்சு வாங்குகிறது. இப்போது அன்றாட வேலைக்கு நாங்கள் ஓட்டுவது என்எல்எல்பியின் சிறிய வடிவத்தைத்தான் என்பதை மறைக்கவில்லை. ஆர்டிஜியும் எம்டிடேட்டாவும் எனக்குக் கற்றுத்தந்தவை, எந்த மாதிரியை ஓட்டினாலும் தேவைப்படுகின்றன.

சிங்களத்தின் கதை சற்று வேறு. 2019 இல் பேஸ்புக் ஆய்வாளர்கள் தரவு குறைந்த மொழிகளுக்கான அளவீட்டுத் தொகுதியாக புளோரஸ் என்பதை முதன்முதலாக வெளியிட்டபோது அவர்கள் தெரிந்தெடுத்த இரு மொழிகள் நேபாளியும் சிங்களமும். திறந்த வெளியில் அப்போது கிடைத்த சிங்கள-ஆங்கில இணைவாக்கியங்கள் ஏறத்தாழ ஆறரை இலட்சம். அவற்றுள் மிகப் பெரும்பான்மை திரைப்பட உபதலைப்புகள், எஞ்சியவை மென்பொருள் சொற்கள். அந்தத் தரவை மட்டும் கொண்டு பயிற்றிய மாதிரியின் பிளூ மதிப்பெண் நூற்றுக்குப் பத்தைத் தொடவில்லை. இன்று நிலைமை பலமடங்கு மேல். தெஹியத்தகண்டியிலிருந்து வரும் சிங்களக் குறிப்புகளின் ஆங்கிலம், தமிழ்க் குறிப்புகளின் ஆங்கிலத்தைவிடச் சில வேளைகளில் எனக்குச் சீராகத் தெரிகிறது. ஆயினும் என் சிங்களம் பேச்சளவுக்கு மட்டுமே என்பதால், அந்தச் சீர்மை மொழிபெயர்ப்பின் சீர்மையா, வெறும் ஆங்கிலத்தின் சீர்மையா என்பதைத் தீர்ப்பது உஹனவில் எங்களோடு வேலை செய்யும் சகோதரியின் பொறுப்பு.

பிளூ என்றேன். 2002 முதல் துறையினர் பயன்படுத்தும் அந்த மதிப்பெண், இயந்திரம் எழுதிய சொற்கூட்டங்கள் மனிதர் எழுதிய மொழிபெயர்ப்பில் எத்தனை இடங்களில் வருகின்றன என்று எண்ணுகிறது. அடிக்கடி வரும் சொற்களைச் சரியாகப் போட்டாலே அதில் நல்ல புள்ளி கிடைத்துவிடும். தம்மே கௌடாவும் சிலரும் 2021 இலேயே இன்னொரு கட்டுரையில் மெக்ரோ எஃப்1 என்ற அளவையைப் பரிந்துரைத்தார்கள்: ஒவ்வொரு தனிச்சொல்லுக்கும், அது ஆயிரம் தடவை வந்தாலும் ஒரு தடவை வந்தாலும், சமமான நிறை. அரிதாக வரும் சொல்லில்தான் செய்தி இருக்கிறது என்ற அவர்களின் வாதம் எங்கள் குறிப்புகளுக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. ஒரு குறிப்பில் ஊரின் பெயரும் பயிரின் பெயரும் நோயின் பெயரும் ஒவ்வொரு தடவைதான் வரும். எந்த அளவையானாலும், அளப்பதற்கு எங்கள் ஊர் வாக்கியங்கள் வேண்டும். புளோரஸின் பிந்திய பதிப்புகள் விக்கிசெய்தி, விக்கிப்பயணம் போன்றவற்றிலிருந்து எடுத்த ஆங்கில வாக்கியங்களை மொழிபெயர்த்துச் செய்யப்பட்டவை. அதில் நல்ல புள்ளி வாங்கிய மாதிரி எங்கள் வட்டை விதானையிடம் தோற்கலாம். ஆகவே ஆட்களின் விபரம் எதுவும் இல்லாத வாக்கியங்களைப் பழைய அறிக்கைகளிலிருந்து பொறுக்கி, இரண்டு மொழிபெயர்ப்பாளர்களிடம் தனித்தனியாகக் கொடுத்து, எங்களுக்கென்று ஒரு சோதனைத் தொகுதி செய்துவருகிறோம். அந்த இருவரும் ஒரே வாக்கியத்துக்குத் தந்த ஆங்கிலங்கள் எவ்வளவு தூரம் வேறுபடுகின்றன என்பதைக் கண்ட பிறகு, மதிப்பெண்ணின் தசம இடங்களில் எனக்கிருந்த பக்தி குறைந்துவிட்டது.

தாய் மாதிரி பற்றி மேலே சொன்னதற்குத் திரும்புகிறேன், மட்டக்களப்புக்கு அதில் தனியான அக்கறை ஒன்று இருக்கிறது. எங்கள் நகரத்துப் பறங்கியர் வீடுகளில் மூத்தவர்கள் பேசும் இலங்கைப் போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்புமொழி, இன்று மட்டக்களப்பிலும் திருகோணமலையிலுமே பெரும்பாலும் எஞ்சியிருக்கிறது. சொற்கள் பெரும்பாலும் போர்த்துக்கேயத்திலிருந்து வந்தவை. வாக்கியத்தின் அடுக்கு தமிழைப்போல வினையில் போய் முடியும். போர்த்துக்கேயத்தையும் தமிழையும் ஒரே வயிற்றில் வைத்திருக்கும் பன்மொழி மாதிரியொன்றுக்கு இதைவிடச் சுவையான குழந்தை மொழி கிடைக்காது என்று நினைக்கிறேன். ஆனால் பயிற்ற எழுத்து எங்கே? 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெஸ்லியன் மிஷனரிமார் புதிய ஏற்பாட்டை இலங்கைப் போர்த்துக்கேயத்தில் அச்சிட்டார்கள்; 1900 இல் தல்காதோ என்ற கோவாக் குருவானவர் அம்மொழியைப் பற்றி விரிவான நூலொன்று எழுதினார்; அண்மைக் காலத்தில் லிஸ்பன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கே வந்து பேச்சைப் பதிவு செய்திருக்கிறார்கள். உலகத்தின் எத்தனையோ சிறிய மொழிகளைப்போல இங்கேயும் வாக்கியத்துக்கு வாக்கியம் ஆங்கிலத்தோடு பொருத்தக்கூடியதாக இருப்பது விவிலியமே. அதன் எழுத்துக்கூட்டல் ஐரோப்பியப் போர்த்துக்கேயத்தை ஒட்டியது. இன்று ஓர் அன்ரி வட்ஸ்அப்பில் எழுதினால் ஆங்கில உச்சரிப்பை ஒட்டி எழுதுவார், அல்லது தமிழ் எழுத்திலேயே எழுதுவார். மூன்று எழுத்துமுறைகளையும் ஒன்றுக்கொன்று மாற்றும் ஒரு கருவி முதலில் வேண்டும். அதைச் செய்ய மொழி தெரிந்தவர் ஒருவரும் நிரல் தெரிந்தவர் ஒருவரும் சேர்ந்து இருக்க வேண்டும். மாதிரியைப் பயிற்றுவது அதன் பிறகு ஒரு ஜிபியூவை வாடகைக்கு எடுத்து முடிக்கக்கூடிய வேலை.

எங்கள் திருத்தங்களை என்ன செய்வது என்பது அலுவலகத்தில் இன்னும் பேசப்படுகிறது. மாதிரி தந்த ஆங்கிலம், ஆள் திருத்திய ஆங்கிலம், மூலத் தமிழ் என்ற மூன்றும் இப்போது ஒரு தரவுத்தளத்தில் சேருகின்றன. கிழக்கின் வேளாண்மையும் மீன்பிடியும் நிர்வாகமும் பற்றிய இத்தகைய இணைத்தரவு ஓபஸில் இல்லை. வெளியிடத்தான் வேண்டும் என்பது என் கட்சி. பெயரை நீக்கினாலும் ஊரும் காணியின் அளவும் சேர்ந்தால் ஆளை அடையாளம் கண்டுவிடலாம், சிறிய கிராமம் என்றால் யானை வந்த திகதியே போதும் என்பது அக்காவின் கட்சி. அவர் சொல்வது சரி. பொது அறிவித்தல் பலகையில் ஒட்டிய அறிவித்தல்கள், பயிற்சிக் கையேடுகள், கூட்ட அழைப்புகள் ஆகியவற்றின் வாக்கியங்களை மட்டும் முதலில் வெளியிடுவதென்றும், களக்குறிப்புகளின் வாக்கியங்கள் எங்கள் கணினியை விட்டு வெளியே போவதில்லை என்றும் தற்போதைக்கு உடன்பட்டிருக்கிறோம். அறிவித்தல்களில் பாதி பாமினியில் இருப்பதால், அவற்றை மாற்றும் வேலை இந்தக் கிழமையும் நடக்கிறது.